ரூட்டுக்குத் திறக்காத சாளரம்

உபுண்டு 17.10 வெளியான நாள் 2017 அக்டோபர் 19. பழைய பதிப்பிலிருந்து அதற்கு மாறியவர்கள் சிலர், வன்தட்டைப் பிரித்து அமைக்கும் ஜிபார்ட்டெட்டைத் திறக்கப் போனார்கள். வேறு சிலர் மென்பொருள்களை நிறுவ உதவும் சினாப்டிக்கைத் திறந்தார்கள். சொடுக்கியதும் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்தது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்ததும் பெட்டி மறைந்தது. பிறகு எதுவும் நடக்கவில்லை. சாளரமும் வரவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை. அதே நிரலை டெர்மினலில் சூடோ போட்டு, அதாவது ரூட்டாக, ஓட்டியவர்களுக்கு மட்டும் ஒரு தடயம் கிடைத்தது. ‘நெறிமுறை எதுவும் குறிப்பிடப்படவில்லை’ என்று ஒரு வரி. ‘:0 என்ற திரையைத் திறக்க முடியவில்லை’ என்று இன்னொரு வரி.

இதைப் படித்தவருக்கு இயல்பாகவே ஒரு குழப்பம் வரும். லினக்ஸில் ரூட் என்பவர் எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம்; ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலையும் நிறுத்தலாம். அப்படிப்பட்டவருக்கு ஒரு சாளரம் திறக்கவில்லை. ஆனால் அதே இயந்திரத்தில் எந்த அதிகாரமும் இல்லாத சாதாரணப் பயனருக்குக் கால்குலேட்டர் முதல் உலாவி வரை எல்லாம் திறக்கின்றன.

இந்த இடத்தில் பெரும்பாலோர் இன்னும் கொஞ்சம் அதிகாரத்தைத் தேடிப் போகிறார்கள். கோப்புகளின் அனுமதியை எல்லோருக்கும் 777 என்று திறந்துவிடுகிறார்கள். திரையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கட்டளை கொடுக்கிறார்கள். முழு மேசைத்தளத்தையும் ரூட்டாகவே தொடங்குகிறவர்களும் உண்டு. இவை எதுவும் நோய்க்கு மருந்தல்ல, ஏனென்றால் குறைந்தது அதிகாரம் அல்ல. இயங்குதளத்தின் மையமான கர்னல் தருகிற அதிகாரம் ஒன்று, திரை தருகிற அனுமதி இன்னொன்று. முதலாவது எவ்வளவு பெருகினாலும் இரண்டாவது தானாக வந்து சேராது.

திரையும் ஒரு சர்வர்

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று பார்க்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்குப் போக வேண்டும். டிஜிட்டல் எக்விப்மென்ட், ஐபிஎம் ஆகிய நிறுவனங்களின் துணையோடு 1983ல் அங்கே அதீனா என்ற திட்டம் தொடங்கியது. பல நிறுவனங்களின் கணினிகளை ஒரே நெட்வொர்க்கில் இணைத்து, மாணவர் எந்த மேசையில் அமர்ந்தாலும் தன் வேலையைத் தொடர வழி செய்வது அதன் நோக்கம். அதற்குத் தோதான சாளர அமைப்பு ஒன்று தேவைப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் உருவான ‘டபிள்யூ’ என்ற அமைப்பை எடுத்து, ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் 1984ல் அதை ‘எக்ஸ்’ ஆக மாற்றினார்கள். 1987 செப்டம்பரில் எக்ஸ்11 வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக லினக்ஸ் மேசைத்தளங்கள் அதன் மேல்தான் நின்றன.

எக்ஸின் அடிப்படை எண்ணம் முதலில் தலைகீழாகத் தோன்றும். சர்வர் என்றதும் தொலைவில் எங்கோ இருக்கும் பெரிய இயந்திரம் நினைவுக்கு வரும். எக்ஸில் சர்வர் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. திரை, விசைப்பலகை, சுட்டி மூன்றையும் கையில் வைத்திருக்கும் நிரல் அது. மற்ற நிரல்கள் வேறு கணினியில் ஓடினாலும் இதே கணினியில் ஓடினாலும் அதன் வாடிக்கையாளர்கள்தான். ‘இங்கே ஒரு சாளரம் வரை’, ‘எனக்கு விசையழுத்தங்களை அனுப்பு’ என்று அவை செய்தி அனுப்பும். சர்வர் செய்து கொடுக்கும். ஒரே கணினிக்குள் இந்தப் பேச்சு ஒரு சாக்கெட் வழியாக நடக்கிறது. நெட்வொர்க் வழியென்றால் அதற்கு 6000ல் தொடங்கும் போர்ட் எண்கள் உண்டு.

நம் புதிருக்கான விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போது அனுமதி உண்டா என்று பார்ப்பது கர்னல். ரூட் என்று தெரிந்தால் கர்னல் வழிவிடும். எக்ஸ் சர்வரிடம் சாளரம் கேட்கும்போது கர்னல் செய்வதெல்லாம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். ஏற்பதும் மறுப்பதும் சர்வரின் முடிவு. அது ரூட்டையும் இன்னொரு வாடிக்கையாளராகவே பார்க்கிறது. ஊருக்கே தலைவரானாலும் திரையரங்கு வாசலில் டிக்கெட்டைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு இது.

அந்த டிக்கெட்டுக்கு எம்ஐடி மேஜிக் குக்கி என்று பெயர். 128 பிட் நீளமுள்ள தற்செயல் எண் அது. நீங்கள் உள்நுழையும்போது உருவாகும் அந்த எண்ணைச் சர்வர் தன்னிடம் வைத்துக்கொள்ளும். இன்னொரு பிரதி, உங்களால் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு கோப்பில் இருக்கும். மரபாக அது உங்கள் முகப்பு அடைவில் உள்ள ‘.எக்ஸ்அதாரிட்டி’ என்ற மறைகோப்பு. நீங்கள் தொடங்கும் ஒவ்வொரு நிரலும் அந்தக் கோப்பைத் திறந்து, குக்கியை எடுத்துச் சர்வரிடம் நீட்டுகிறது. இத்தனையும் உங்கள் கண்ணில் படாமல் நடந்துவிடுவதால் இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

முகவரியும் குக்கியும்

ஆக, ஒரு நிரல் திரையை அடைய அதற்கு இரண்டு செய்திகள் தெரிந்தாக வேண்டும். எந்தத் திரை என்பது முதலாவது. அதை ‘டிஸ்ப்ளே’ என்ற சூழல் மாறி சொல்கிறது. குக்கி எங்கே இருக்கிறது என்பது இரண்டாவது. அதை ‘எக்ஸ்அதாரிட்டி’ என்ற சூழல் மாறி சொல்கிறது. இரண்டாவது மாறி காலியாக இருந்தால், நிரல் தன் பயனரின் முகப்பு அடைவில் போய்த் தேடும்.

ரூட்டாக மாறும்போது தொலைந்துபோவது இந்த இரண்டும்தான். ரூட்டின் முகப்பு அடைவு வேறு. அங்கே உங்கள் குக்கி இருக்காது. உங்கள் கோப்பைப் படிக்கும் வலிமை ரூட்டுக்கு உண்டு. அந்தக் கோப்பு எங்கே என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வலிமையும் இல்லாத விதிவிலக்கு ஒன்றும் உண்டு. முகப்பு அடைவு என்எஃப்எஸ் வழியாக வேறொரு கணினியில் இருந்தால், அந்தக் கணினி வழக்கமாக வெளியிலிருந்து வரும் ரூட்டைப் பெயரற்ற ஒருவராகத்தான் மதிக்கும். அங்கே உங்கள் குக்கிக் கோப்பை நீங்கள் படிக்கலாம், ரூட் படிக்க முடியாது.

சூழல் மாறிகளை அப்படியே கடத்திவிட்டால் என்ன? அங்கேதான் ஆபத்து. சூடோவை 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதினார்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுக்காமல், குறிப்பிட்ட ஆள் குறிப்பிட்ட கட்டளையை மட்டும் ரூட்டாக ஓட்ட வழி செய்வது அதன் வேலை. அப்படி ஓட்டும்போது சாதாரணப் பயனரின் சூழலிலிருந்து எது உள்ளே வருகிறதோ அது ரூட்டின் நடத்தையைத் திருப்பிவிடலாம். எந்த அடைவில் நிரல்களைத் தேட வேண்டும், எந்த நூலகத்தை முதலில் ஏற்ற வேண்டும் என்பதையெல்லாம் சூழல் மாறிகள்தான் சொல்கின்றன. ஜிடிகே, க்யூட்டி போன்ற வரைகலைக் கருவித்தொகுப்புகளில் கூடுதல் கூறுகளை ஏற்றச் சொல்லும் மாறிகளும் உண்டு. தவறான ஒருவர் அதில் தன் கோப்பின் பெயரை எழுதிவைத்தால், ரூட் அதை ஏற்றி ஓட்டிவிடும். அதனால் இன்றைய சூடோ சூழலைத் துடைத்துவிட்டு, தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் கடத்துகிறது. வழக்கமான அமைப்பில் திரையின் முகவரியும் குக்கியின் இடமும் அந்தச் சிலவற்றில் சேரும். பயனரை மாற்றும் ‘சு’ கட்டளையை முழு உள்நுழைவாக ஓட்டினால் இரண்டும் போய்விடும். கடவுச்சொல் பெட்டி வழியாக நிரல்களை ரூட்டாக ஓட்டும் பிகேஎக்ஸெக் இரண்டையும் வேண்டுமென்றே கடத்துவதில்லை. ஒரு நிரலுக்கான கொள்கைக் கோப்பில் ‘வரைகலையை அனுமதி’ என்று எழுதிவைத்தால்தான் கடத்தும். அப்படி எழுதுவது நல்ல வழக்கமல்ல என்று அதன் கையேடே சொல்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் பிழைச் செய்திகள் பேச ஆரம்பிக்கும். திரையின் பெயரே இல்லாமல் ‘திறக்க முடியவில்லை’ என்று வந்தால் முகவரி தொலைந்திருக்கிறது. ‘:0’ போன்ற பெயரோடு வந்து, கூடவே ‘நெறிமுறை குறிப்பிடப்படவில்லை’ அல்லது ‘அங்கீகாரம் தேவை’ என்றும் இருந்தால், முகவரி சரி, காட்டக் குக்கி இல்லை. ‘குக்கி செல்லாது’ என்று வந்தால் கையில் இருப்பது பழைய அமர்வின் எண். அங்கீகார முகவர் இல்லை என்று பிகேஎக்ஸெக் சொன்னால் சிக்கல் திரைக்கும் முன்னால் இருக்கிறது: கடவுச்சொல் பெட்டியைக் காட்டும் சின்ன நிரலே ஓடவில்லை. ஐ3, ஓப்பன்பாக்ஸ் போன்ற எளிய சாளர மேலாளர்களைப் பயன்படுத்துகிறவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள். அந்த முகவரைத் தொடக்கப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது.

ஆகவே நோயறிதலின் முதல் விதி, மெனுவிலிருந்து சொடுக்குவதை விட்டுவிட்டு டெர்மினலில் ஓட்டி முதல் வரியைப் படிப்பது. பின்னால் கொட்டும் எச்சரிக்கைகளில் பல அந்த முதல் வரியின் விளைவுகளாகவே இருக்கும். அடுத்து, அதே நிரல் சாதாரணப் பயனராகத் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் திறக்கவில்லையென்றால் கோளாறு நிரலில், ரூட்டில் அல்ல. மூன்றாவதாக, சூழல் மாறிகளின் பட்டியலை ஒருமுறை நேராகவும் ஒருமுறை சூடோ வழியாகவும் அச்சிட்டு ஒப்பிட வேண்டும். எது தொலைந்தது என்று அந்த ஒப்பீடே காட்டிக்கொடுக்கும்.

திறந்தபின் வரும் தொல்லை

சாளரம் திறந்துவிட்டால் கதை முடிந்தது என்று எண்ண வேண்டாம். வரைகலை நிரல் ஒன்று தொடங்கும்போது முகப்பு அடைவில் அமைப்புக் கோப்புகள், தற்காலிகச் சேமிப்பு, அண்மையில் திறந்தவற்றின் பட்டியல் என்று நிறைய எழுதும். உபுண்டுவில் 19.10 பதிப்புக்கு முன்புவரை சூடோ பயனரின் முகப்பு அடைவை மாற்றாமல் விட்டது. அதனால் குக்கி எளிதாகக் கிடைத்தது, சாளரமும் திறந்தது. ஆனால் ரூட்டாக ஓடிய உரைத்தொகுப்பி உங்கள் முகப்பு அடைவில் ரூட்டின் பெயரில் கோப்புகளை எழுதிவைத்தது. அடுத்தநாள் அதே தொகுப்பியைச் சாதாரணமாகத் திறந்தால் அமைப்புகள் சேமிக்கப்படாது. குக்கிக் கோப்பே ரூட்டின் உடைமையாகிவிட்டால் நிலைமை மோசம். கடவுச்சொல் சரியாக இருக்கும், திரை ஒரு கணம் கறுக்கும், மறுபடி உள்நுழைவுத் திரையிலேயே வந்து நிற்பீர்கள்.

இந்தச் சுழலில் சிக்கியவர் கணினியைத் துடைத்து மறுபடி நிறுவத் தேவையில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டுமே உள்ள கன்சோல் வரும். அங்கே உள்நுழைந்து, முகப்பு அடைவின் மறைகோப்புகளை உரிமையாளர் பெயரோடு பட்டியலிட்டு, ரூட் என்று இருப்பவற்றைச் சூடோ வழியாக உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

ஜிகேசூடோ என்ற பழைய கருவி இந்தத் தொல்லைக்காகவே பிறந்தது. குக்கியைத் தனியாக ஒரு தற்காலிக அடைவில் பிரதியெடுத்து, முகப்பு அடைவை ரூட்டுடையதாக மாற்றி, பிறகு நிரலைத் தொடங்கும். பல ஆண்டுகள் எல்லாக் கையேடுகளும் அதையே பரிந்துரைத்தன. பராமரிப்பின்றிப் போன அதை 2018ல் டெபியனும் உபுண்டுவும் நீக்கிவிட்டன. இன்றும் இணையத்தில் பழைய வழிகாட்டியைப் படித்து அந்தக் கட்டளையைத் தட்டுகிறவருக்கு ‘அப்படி ஒரு கட்டளை இல்லை’ என்ற பதில்தான் வரும்.

வேலாண்டில் என்ன ஆயிற்று

உபுண்டு 17.10க்குத் திரும்புவோம். அந்தப் பதிப்பு எக்ஸை விட்டு வேலாண்டுக்கு மாறியிருந்தது. எக்ஸுக்கு மாற்றாகக் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் 2008ல் தொடங்கிய திட்டம் வேலாண்டு. ஃபெடோரா தன் 25ஆம் பதிப்பில், 2016 நவம்பரிலேயே அதற்கு மாறிவிட்டது. வேலாண்டில் குக்கி கிடையாது. சாக்கெட் இருக்கும் அடைவைப் பயனர் ஒருவர் மட்டுமே திறக்க முடியும் என்பதே காவல். அந்தக் காவலைப் பார்ப்பது கர்னல். எனவே முகவரியைச் சொல்லிவிட்டால் ரூட் அதில் நுழையலாம்.

ஆனால் ஜிபார்ட்டெட், சினாப்டிக் போன்றவை அப்போது ரூட்டாக ஓடும்போது எக்ஸையே தேடின. அவற்றுக்காக வேலாண்டுக்குள் எக்ஸ்வேலாண்டு என்ற எக்ஸ் சர்வர் ஓடுகிறது. அன்றைய க்னோம் மேசைத்தளத்தில் அது குக்கிக் கோப்பு இல்லாமலே தொடங்கப்பட்டது. அமர்வுக்கு உரிய பயனரை மட்டும் அடையாளம் கண்டு ஏற்றது. ரூட் அந்தப் பயனர் அல்ல என்பதால் மறுத்தது. ஜிபார்ட்டெட் தன் தொடக்க நிரலிலேயே தீர்வைச் சேர்த்தது: எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையால் இந்தக் கணினியின் ரூட் பயனருக்கு மட்டும் தற்காலிகமாக அனுமதி கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவது. 2019ல் வந்த க்னோம் 3.34 எக்ஸ்வேலாண்டுக்கும் குக்கிக் கோப்பைக் கொடுத்தது. அதன்பின் சூடோ வழியாக எக்ஸ் நிரல்கள் பழையபடி திறந்தன.

எக்ஸ்ஹோஸ்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதனோடு வெறும் கூட்டல் குறியை மட்டும் கொடுத்தால் எல்லாச் சோதனையும் நின்றுவிடும். யார் வந்தாலும் சர்வர் ஏற்கும். ரூட் பயனரின் பெயரைச் சொல்லி அனுமதிப்பது அப்படியல்ல. சாக்கெட்டின் மறுமுனையில் இருப்பவர் எந்தப் பயனர் என்று கர்னலிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சர்வர் வழிவிடும். வழிகாட்டிகளில் இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படும். வேண்டியது இரண்டாவது.

மறுப்பில் உள்ள நியாயம்

இதுவரை ரூட்டை உள்ளே விடும் வழிகளைப் பார்த்தோம். விடத்தான் வேண்டுமா?

எக்ஸ் உருவான காலத்தில் ஒரே திரையில் இருக்கும் நிரல்கள் ஒன்றையொன்று நம்பின. அதனால் எக்ஸில் எந்த வாடிக்கையாளரும் மற்றொன்றுக்குப் போகும் விசையழுத்தங்களைக் கேட்கலாம், அதன் சாளரத்தைப் படமெடுக்கலாம், பொய்யான விசையழுத்தங்களையும் அனுப்பலாம். அங்கே ஒரு டெர்மினலை ரூட்டாகத் திறந்து வைத்தீர்கள் என்றால், பக்கத்தில் சாதாரணப் பயனராக ஓடும் ஏதோ ஒரு நிரல் அதற்குள் கட்டளையைத் தட்டிவிட முடியும். கர்னல் கட்டிய வேலி முழுவதும் திரையின் வழியே தாண்டப்பட்டுவிடும். நீங்கள் ரூட்டுக்குத் திரையைக் கொடுத்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில் திரையில் உள்ள எல்லோருக்கும் ரூட்டைக் கொடுத்திருக்கிறீர்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பொத்தானை வரையக்கூட வரைகலை நிரல் எழுத்துரு, படம், மொழி உள்ளீடு, ஒலி என்று பல நூலகங்களை ஏற்றுகிறது. அவற்றில் எதில் ஓட்டை இருந்தாலும் அது ரூட்டின் ஓட்டையாகிவிடும். இதனால் சில நிரல்கள் தாங்களே மறுக்கின்றன. விஎல்சி, ரூட்டாக ஓட்டினால் வருத்தம் தெரிவித்துவிட்டு நின்றுவிடும். குரோமியம் தன் பாதுகாப்புக் கூண்டை அணைக்காமல் ரூட்டாக ஓடாது. இப்படி மறுக்கும் நிரலிடம் குக்கி, முகவரி என்று தேடிப் பயனில்லை. செய்தியைப் படித்தாலே அது தெரிந்துவிடும்.

பிரித்துக் கொடுத்தல்

நிரந்தரத் தீர்வு ஒரு கேள்வியில் தொடங்குகிறது: இந்த நிரலின் எந்த வேலைக்கு உண்மையில் அதிகாரம் தேவை? நெட்வொர்க் போக்குவரத்தை ஆராயும் வயர்ஷார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டுகளைப் பிடிக்க மட்டுமே சிறப்பு உரிமை வேண்டும். அவற்றைப் பிரித்துப் படித்துக் காட்டுவதற்கு வேண்டாம். ஆனால் வெளியிலிருந்து வரும் எந்தக் குப்பையையும் பிரித்துப் படிக்கும் அந்தப் பகுதியில்தான் ஓட்டைகளுக்கு வாய்ப்பு அதிகம். எனவே பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்ற சின்ன நிரலிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அதற்கும் முழு ரூட் அதிகாரம் இல்லை. நெட்வொர்க் தொடர்பான குறிப்பிட்ட உரிமைகள் மட்டும். டெபியனில் உங்களை வயர்ஷார்க் குழுவில் சேர்த்துவிட்டால் சாதாரணப் பயனராகவே பாக்கெட்டுகளைப் பிடிக்கலாம்.

அமைப்புக் கோப்பைத் திருத்துவதும் அப்படியே. அதற்காக உரைத்தொகுப்பியை ரூட்டாக்க வேண்டியதில்லை. சூடோஎடிட், கோப்பின் பிரதியை எடுத்து உங்கள் தொகுப்பியில் உங்கள் பெயரிலேயே திறக்கிறது. மூடியதும் மூலக்கோப்பில் எழுதிவிடுகிறது. க்னோமில் கோப்பின் முகவரிக்கு முன்னால் ‘அட்மின்’ என்று சேர்த்தால், படிப்பதும் எழுதுவதும் மட்டும் பின்னணியில் உரிமையோடு நடக்கும். வட்டுகளைக் கையாளும் க்னோம் டிஸ்க்ஸ் உங்கள் பயனராக ஓடி, யூடிஸ்க்ஸ் என்ற பின்னணிச் சேவையிடம் வேலையைச் சொல்கிறது. செய்யலாமா என்று முடிவெடுப்பது போல்கிட். கடவுச்சொல் பெட்டி இங்கேயும் வரும்; ஆனால் அந்தக் கடவுச்சொல் ஒரு செயலுக்கு மட்டும் செல்லும், நிரல் முழுவதற்கும் அல்ல.

இந்தச் சின்ன நிரல்களும் பிழையற்றவை அல்ல. 2022 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் பிகேஎக்ஸெக்கில் ஓர் ஓட்டையை வெளியிட்டது. 2009ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே அது இருந்தது. சாதாரணப் பயனர் எவரும் அதைக்கொண்டு ரூட்டாகிவிடலாம். ஒரே ஒரு சின்ன நிரலில் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி ஒன்று ஒளிந்திருக்க முடியும் என்றால், நூறு நூலகங்களை இழுத்துவரும் சாளரத்தை ரூட்டாக ஓட்டுவதன் விலையை நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம். பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2024 ஜூனில் வந்த 256ஆம் பதிப்பில் ‘ரன்0’ என்ற கட்டளை சேர்ந்தது. அது பயனரின் சூழலிலிருந்து கிளம்பி ரூட்டாக மாறுவதில்லை. புதிதாக, சுத்தமான சூழலில் வேலையைத் தொடங்கச் சொல்லிச் சிஸ்டம்டியிடம் கேட்கிறது. கடத்தப்படுவது குறைந்துகொண்டே போகும் திசையில்தான் லினக்ஸ் நகர்கிறது.

அடுத்த முறை கடவுச்சொல்லுக்குப் பின் சாளரம் வரவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து முதல் வரியைப் படியுங்கள். முகவரி, குக்கி, கோப்பின் உரிமையாளர், நிரலின் சொந்த மறுப்பு என்ற நான்கில் எது என்று அது சொல்லிவிடும். அதைச் சரிசெய்யும் கட்டளையைத் தட்டும் முன், அதே வேலையை உங்கள் பெயரிலேயே செய்து தரும் கருவி இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.